மணல் தெரிஞ்சா நிறுத்துங்க

— பக்கெட்ட எறக்கட்டா, வேணாவா? அத்த மட்டும் சொல்லுங்க மேடம். காலைலேர்ந்து இதே தெருவுல வண்டிய உறும வெச்சுக்கினு குந்திகினு கீறேன்.

— வேண்டாம் பாஷா பாய். ஜேசிபிய ஆஃப் பண்ணிட்டு இறங்கி வாங்க.

— ஆஃபா! ஏம்மா ஜெயபாரதி, இன்ஜினீயர்னு சொல்லிண்டு வந்தே. சாக்கடைக் குழாய் உடைஞ்சு கிடக்கு, ரோடைத் தோண்டி மாத்தணும்னு நீதானே சொன்னே? மெஷின் வந்ததும் பெருமாளே வந்துட்டார்னு சந்தோஷப்பட்டேன். இப்ப அதையும் அணைக்கச் சொல்றயே!

— கோவப்படாதீங்க ஸ்ரீரங்கன் சார். இந்தக் கருவிய உங்க வாசல் முன்னால வச்சா கத்துது, கேட்டீங்கல்லா? கீழ கரண்டு ஓடுனாத்தான் இது கத்தும். எங்க மேப்ல பெரிய கேபிள் எதிர்ப்பக்கம் போகுதுன்னு இருக்கு. கருவி இந்தப் பக்கம்னு சொல்லுது. எது நெசம்னு தெரியாம இரும்புப் பல்லு வச்ச பக்கெட்டை உள்ள விட முடியாது.

— மேடம், அதோ டிரான்ஸ்ஃபார்மர் நிக்குது. அதுக்குக்கூட கத்தும் அது. போன வாரம் அடையார்ல ஒரு கேட்டு மோட்டாருக்கே கத்துச்சு.

— இருக்கலாம் பாய். அப்படின்னா நல்லதுதான். ஆனா பாக்காம எப்படிச் சொல்ல?

— நீங்க ரெண்டு பேரும் சாவகாசமா பேசிண்டிருங்கோ. எங்காத்துக்குள்ள ஒரு தரம் வந்து பாருங்கோ. தளிகை பண்ற அடுப்படி வரைக்கும் சாக்கடைத் தண்ணி. ஆத்துக்காரிக்கு இடுப்புல ஆபரேஷன் ஆகி ஆஸ்பத்திரிலேர்ந்து இப்பத்தான் வந்திருக்கா. கால் ஊனப்படாதுன்னு டாக்டர் சொல்லியிருக்கார். கட்டில் காலுக்கு அடியில செங்கல் வெச்சு உயர்த்திட்டு வந்திருக்கேன். மாடில ஒருத்தர் குளிச்சா, அந்த ஜலம் எங்காத்து பாத்ரூம்ல பொங்கறது!

— தெரியும் சார். வந்ததும் உள்ள போய் மாமியப் பாத்துட்டுத்தான் வந்தேன்.

— பார்த்துட்டா இப்படி நிக்கறே? பக்கத்துத் தெருவுல இன்டர்நெட் கேபிள் போடறா. வந்தா, ரெண்டு டிரம்மை நிறுத்தி வெச்சா, விறுவிறுன்னு வெட்டிண்டு போறா. அவாளும் இன்ஜினீயர்தான், நீயும் இன்ஜினீயர்தான்.

— மேடம், சாரு சொல்றதும் கரீட்டாதான் கீது. நான் ஒரே மூச்சா வாரி எடுக்க மாட்டேன். பூ பறிக்கிற மாரி மேல மேல சுரண்டி எடுக்கறேன். என் கை மேல உங்களுக்கு நம்பிக்கை இல்லியா?

— கை மேல நம்பிக்கை இருக்கு பாய். ஆனா உங்க கைக்கும் மண்ணுக்கும் நடுவுல எம்புட்டு இரும்பு இருக்கு! கேபிள் மேல பல்லு பட்டா உங்களுக்கு எப்படித் தெரியும்? பட்ட பொறவுதான் தெரியும்.

— சரி, பேசிப் பிரயோஜனமில்லை. உன் மேலதிகாரி நம்பரைக் குடு. கவுன்சிலர்கிட்டயும் பேசறேன்.

— எழுதிக்கோங்க சார். என் நம்பரும் கூடவே எழுதிக்கோங்க. யார் நிறுத்துனான்னு கேட்டா ஜெயபாரதின்னு சொல்லுங்க. பாஷா பாயை இழுக்காதீங்க.

— அய்ய, நான் எங்க மேடம் பயந்தேன்?

— ஈபி லைன்மேனை வரச் சொல்லியிருக்கேன். வந்துக்கிட்டு இருக்காரு. அதுக்குள்ள கருவி கத்துற எடத்துல கையால ஒரு சின்னக் குழி எடுப்போம். ஒண்ணும் இல்லன்னா உடனே நீங்க வண்டிய எடுக்கலாம். சார், பேசி முடிச்சாச்சா?

— உங்க ஆபீஸ்ல, ‘சைட்ல இருக்கற இன்ஜினீயர் சொல்றதுதான்’ங்கறா. கவுன்சிலர் போனை எடுக்கலை. நான் உள்ள போய் அவளைப் பார்த்துட்டு வரேன். வரதுக்குள்ள ஏதாவது நடக்கட்டும்.

— மண்வெட்டி இந்தாங்க பாய். கடப்பாரை வேண்டாம். அது வண்டியில கெடக்கட்டும்.

— நான் ஆப்ரேட்டரு மேடம். மண்ணு வெட்டற ஆளுங்க ரெண்டு பேரையும் மந்தைவெளி சைட்டுக்கு அனுப்சிட்டு, என்னிய வெட்டச் சொன்னா இன்னா அர்த்தம்?

— அப்ப நான் இறங்குதேன். நகருங்க.

— ஏன் மேடம் பேஜார் பண்றீங்க? நீங்க வெட்டி நான் மேல நின்னு வேடிக்க பாத்தேன்னு வீட்ல தெரிஞ்சா சோறு போட மாட்டாங்க. குடுங்க இப்டி.

— மொதல்ல இந்த கிளவுஸைப் போடுங்க. அடிச்சு வெட்டாதீங்க, படுக்கப் போட்டு சீவுங்க. தாரு மட்டும் கொஞ்சம் சிரமமா இருக்கும்.

— தாரு முன்னமே பொளந்துதான் கீது. கீழ ஜல்லி. அப்பால களிமண்ணு. நல்லா பிசுபிசுன்னு ஒட்டுது. சாக்கடை ஊறிக்கினு கீது இல்ல?

— ஆமா. மெதுவா.

— அம்மா ஜெயபாரதி.

— சொல்லுங்க சார். மாமி எப்படி இருக்காங்க?

— கட்டில் நனையலை. ‘அந்தப் பொண்ணை என்னத்துக்குக் கத்தறேள், அவளும் வெயில்லதானே நிக்கறா’ன்னு என்னையே கோவிச்சுக்கறா. இந்தா, மோர் கொண்டுபோய்க் குடுக்கச் சொன்னா. குடிச்சுட்டு வேலையைப் பாருங்கோ. என் கோவம் தீரலை, அதையும் சொல்லிட்டேன்.

— மேடம், மண்ணு மாறுது.

— எப்படி மாறுது?

— மணலா வருது. நம்ம பெசன்ட் நகர் பீச்சுல இருக்கற மாரி சுத்தமா…

— நிறுத்துங்க! மண்வெட்டிய மேல குடுங்க பாய். குடுங்க முதல்ல!

— இந்தாங்க, இந்தாங்க. மணலு தானே மேடம்?

— களிமண்ணுக்கு நடுவுல மணல் தானா வராது. கேபிளுக்கு மெத்தை மாதிரி மணல் போட்டு மூடுவாங்க. இனி கையாலதான். ஓரத்துலேர்ந்து ஒதுக்குங்க.

— செங்கல்லு கீது. வரிசையா அடுக்கி வெச்ச மாரி.

— அதை எடுக்காதீங்க. பக்கத்துல இருக்க மணலை மட்டும் தள்ளிப் பாருங்க.

— யா அல்லா.

— என்னப்பா? என்ன இருக்கு?

— கருப்பா கீது சார். என் கை தண்டி. முட்டி ஆழம்கூட வெட்டல நானு.

— தொடாதீங்க பாய். அப்படியே மெதுவா மேல ஏறி வாங்க. என் கையப் பிடிங்க.

— மேடம், பக்கெட்ட எறக்கியிருந்தா மொத கடியிலயே…

— இறக்கலைல்லா. விடுங்க.

— சார், இன்னா சார் இப்டி வேர்த்து ஊத்துது? அந்த மதில் ஓரம் குந்துங்க.

— ஒண்ணுமில்லை. நான் நன்னாத்தான் இருக்கேன். காலம்பறலேர்ந்து நான் நின்னுண்டிருந்தது இதுக்கு மேலயா?

— ஆமா சார்.

— இது உங்க மேப்ல இல்லையா?

— இல்ல. எதிர்ப்பக்கம் மழைத்தண்ணி வடிகால் கட்டுனப்ப யாரோ இந்தப் பக்கம் நகர்த்திப் போட்டிருக்காங்க. போட்டவங்க மேப்ல மாத்தல. பாய், நீங்க இங்க நின்னு யாரும் கிட்ட வராமப் பாத்துக்கோங்க. இது எங்க போகுதுன்னு கருவிய வச்சுப் பாத்துட்டு வாரேன்.

— ஏ நைனா! ஆட்டோ! இந்தாண்ட வராத, கொளத்துப் பக்கமா சுத்திக்கினு போ! உன்னியத்தான்!

— ஏன்ப்பா பாஷா, அது அறுந்திருந்தா என்ன ஆகும்?

— என்னிய கேக்காதீங்க சார். குரோம்பேட்டைல என் தோஸ்து ஒர்த்தன் வெட்டிட்டான். பக்கெட்டு பல்லு மெழுகுவத்தி மாரி உருகிப் போச்சு. கீழ நின்னு சைடு சொல்லிக்கினு இருந்தவரு இன்னும் கை மடக்க மாட்டாரு. இங்க அப்டி கீழ நின்னு ‘தோண்டு, தோண்டு’ன்னு சொல்லிக்கினு இருந்தது… சரி, வுடுங்க.

— நான்தான். சொல்லேன், என்ன இப்போ.

— சார்! பாய்! இது நேரா தெருமுனைக்குப் போய் அப்படியே பக்கத்துத் தெருவுக்குள்ள திரும்புது.

— பக்கத்துத் தெருவா? அங்கதானே அந்த இன்டர்நெட்காரா வெட்டிண்டிருக்கா!

— அவங்க கையில இருக்கதும் இதே பழைய மேப்தான். அந்த சைட் இன்ஜினீயர் ஜெயராமுக்குப் போன் போடுதேன்… எடுக்க மாட்டேங்காரு. மிஷின் சத்தத்துல கேட்டிருக்காது. ஈபிக்குச் சொல்லி லைனை நிறுத்தச் சொல்லணும், அதுக்குக் கொஞ்ச நேரம் ஆகும்.

— நான் ஓடட்டா மேடம்?

— குழி தொறந்து கெடக்கு பாய். ஸ்கூல் விட்டு பிள்ளைங்க வர நேரம். ரெண்டு பக்கமும் ஆள் நிக்கணும். திரும்பவும் அடிச்சுப் பாக்கேன். எடுங்க ஜெயராம், எடுங்க…

— மேடம், சாரு எங்க போறாரு?

— யாரு?

— ஸ்ரீரங்கன் சாரு. ஸ்கூட்டர எடுத்துட்டாரு. சார்! ஹெல்மெட்டு! ஐயோ, ராங் சைடுல போறாரு!

— சார், நில்லுங்க! மாமி தனியா இருக்காங்கல்லா!

— போய்ட்டாரு மேடம். இந்த வயசுல இன்னா முறுக்கு முறுக்கறாரு!

— ஈபியில எடுத்துட்டாங்க, இருங்க. ஆமா மேடம், மயிலாப்பூர்தான்… கேபிள் அறுபடல, வெளிய தெரியுது… ஆமா, பக்கத்துத் தெருவுல தோண்டுதாங்க, சப்ளைய நிறுத்தணும்… சீக்கிரம் மேடம்.

— அதோ லைன்மேன் பைக்கு வருது. அவரு குழியாண்ட நின்னுக்குவாரு, நீங்க போங்க.

— போறேன். ஒரு நிமிஷம், போன் அடிக்குது. தெரியாத நம்பரா இருக்கு. ஹலோ, யாரு? ஸ்ரீரங்கன் சாரா! இருங்க, ஸ்பீக்கர்ல போடுதேன். சொல்லுங்க சார், நிறுத்திட்டாங்களா?

— அவாளா எங்க நிறுத்தறா! ஜெயராம்ங்கறவர் மேப்பை விரிச்சுக் காட்டி சிரிக்கறார். ‘பெரியவரே, இந்தப் பக்கம் ஒண்ணுமே கிடையாது, வெயில்ல அலையாம வீட்டுக்குப் போங்க’ங்கறார்.

— அவர்கிட்ட போனைக் குடுங்க சார்.

— நீட்டினேன். வேலை முடிஞ்சதும் பேசறேன்னு நகர்ந்துட்டார்.

— சார், நீங்க அந்த வண்டிகிட்ட போகாதீங்க. தள்ளி நில்லுங்க. நான் இப்பவே ஓடி வாரேன்.

— மேடம், ஒண்ணு கவனிச்சீங்களா? போன்ல இன்ஜின் சத்தமே காணோம். சார், ஜேசிபி நின்னுடுச்சா? இன்னா சார் பண்ணீங்க?

— பெரிசா ஒண்ணும் பண்ணலைப்பா. டீக்கடைலேர்ந்து ஒரு ஸ்டூலை எடுத்துண்டு வந்து, அவன் வெட்டறதா இருந்த எடத்துலயே போட்டு உக்காந்துண்டுட்டேன். எங்காத்துச் சாக்கடை கிடக்கட்டும், நீங்க மொதல்ல இங்க வாங்கோ.