வாசலைப் பார்க்கும் டாக்டர்

"எங்க டாக்டரு இன்னிக்கி பூரா வாசலயே பாத்துகினு குந்திகினு இருந்தாரு. அதான் அவரு வேல."

இது காதில் விழுந்ததும் ஜன்னலை விட்டுத் திரும்பினேன். செல்போன் வராத காலம். திருக்கழுக்குன்றத்திலிருந்து செங்கல்பட்டு போகிற பஸ். முன் சீட்டில் ஒரு ஆஸ்பத்திரி ஆயா, பக்கத்தில் காலிக் கீரைக்கூடையோடு அவளுக்குத் தெரிந்தவள்.

"இன்னாக்கா, அறுக்கற டாக்டரு தானே அவரு?"

"அறுக்கறதுக்கு மயக்கம் குடுக்கற டாக்டரு வரணுமே. அவரு செங்கல்பட்டுல நாலு ஆஸ்பத்திரி முடிச்சிட்டு, நேரம் இருந்தா இங்க வருவாரு. வலை இழுக்கற ஆளு ஒருத்தன், குடல் எறங்கிப்போயி, ராத்திரியிலேர்ந்து பச்சத்தண்ணி இல்லாம கெடக்கறான்."

"வந்தாரா இல்லியா?"

"வந்தாரு, சாயங்காலமா. அதுக்குள்ள பொண்டாட்டிக்காரி பாவம் பாத்து பன்னும் டீயும் குடுத்துட்டா. சாப்ட்டவனுக்கு மயக்கம் குடுத்தா வாந்தி மூச்சுல ஏறிக்கும்னு வந்த ஸ்கூட்டர்லயே திரும்பிட்டாரு. நாளைக்கும் அவனுக்குப் பட்டினிதான். அவ எங்க டாக்டரு மூஞ்சிக்கு நேரா, 'எனக்கு அறுக்கத் தெரியாதுன்னு சொல்லிட்டுப் போயேன்யா'ன்னு கத்தறா."

"அந்த மயக்க ஊசிய இவரே போட்டா இன்னா?"

ஆயா அவள் பக்கம் சாய்ந்தாள்.

"போட்டாரு, போன வருசம், ஒரு பொண்ணுக்கு, அவசரத்துக்கு. அந்தப் பொண்ணு அப்புறம் கண்ணே தொறக்கல. அதுலேர்ந்துதான் வாசலயே பாத்துகினு கீறாரு."