ஒரு மூட்டைக் கரியில் அரியலூர்

வேலமரத்துக் கரிதான் நல்ல கரி. மாங்கரி புகைந்தே தீர்ந்துவிடும், புளியங்கரி சாம்பலாகக் கொட்டும். நடந்ததை ஆரம்பத்திலிருந்து எழுதச் சொல்லி இன்ஸ்பெக்டர் ஐயா காகிதமும் பேனாவும் கொடுத்திருப்பதால், கரியிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

என் பெயர் வைரக்கண்ணு, பெரம்பலூரில் மோட்டார் மெக்கானிக். உலகச் சண்டை வந்து பெட்ரோலுக்குக் கூப்பன் போட்டதும் ஊரிலிருந்த கார்களில் பாதி கோழி அடையும் இடமாகிவிட்டன. நான் பழைய கார் ஒன்றை வாங்கி, பின்பக்கத்தை அறுத்து, கரி எரிக்கும் இரும்புப் பீப்பாய் ஒன்றைப் பொருத்தினேன். கனலிலிருந்து வரும் வாயுவில் இன்ஜின் ஓடும். "அடுப்பு வச்சிட்டீங்க, சமையக்காரன் எங்கண்ணே?" என்று கடைத்தெருவே கேலி செய்தது. நானும் சேர்ந்து சிரித்தேன்.

மற்றவர்களின் கரிவண்டி ஒரு மூட்டைக்கு இருபது மைல் போனால் பெரிது. என் வண்டி பத்தொன்பது மைல் தள்ளி இருக்கும் அரியலூர் ரயிலடிக்குப் போய், அதே மூட்டையில் திரும்பியும் வரும். இந்தப் பேச்சு எங்கும் பரவியது. அரியலூர் காபிக் கடையில் எனக்கு மட்டும் கேட்காமலே இன்னொரு கரண்டி சர்க்கரை போட்டார்கள். ரேஷன் காலத்தில் அது எப்பேர்ப்பட்ட மரியாதை என்று ஐயாவுக்கே தெரியும்.

உண்மையில் என் வண்டியும் இருபது மைல்தான். பின் சீட்டுக்கு அடியில் ஒரு தகர டப்பா வைத்திருந்தேன். அதிலிருந்து மெல்லிய செப்புக் குழாய் ஒன்று இன்ஜினுக்குப் போகும். என் இடது காலருகே திருகு. மேடு வந்தால் லேசாகத் திருகுவேன். பெட்ரோல் இறங்கும், வண்டி பறக்கும். இதை ஏமாற்று என்று நான் நினைத்ததே இல்லை. உழுகிற மாட்டுக்குப் பருத்திக்கொட்டை வைக்கிறோம், அது மாட்டின் பெருமையைக் குறைத்துவிடுகிறதா?

அந்தப் பெட்ரோல் லேடி டாக்டர் கமலவேணி அம்மாளுடையது. வைத்தியம் பார்ப்பவர் என்பதால் அவருக்குக் கூப்பன் கூடுதல். அவருடைய காரும் நான் பிரித்துக் கட்டியதுதான். இன்ஜினைக் கடைந்து, வேறொரு வண்டியின் கார்புரேட்டரைப் போட்டு, கேலனுக்கு இருபத்திரண்டு மைல் வரவழைத்தேன். பெற்ற பிள்ளைகள்மேல்கூட எனக்கு அவ்வளவு பிரியம் கிடையாது.

டிரைவர் சின்னதுரை வெள்ளிக்கிழமைதோறும் காலையில் அந்த வண்டியை என் கொட்டகைக்குக் கொண்டுவருவான். கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் நசுக்கி அனுப்புவோம். அவன் பூவும் பழமும் வாங்கி வரும் நேரத்தில் ரப்பர் குழாய் போட்டு ஒரு பாட்டில் எடுத்துக்கொள்வேன். யாருக்கும் தெரியவில்லை.

போன மாதம் லப்பைக்குடிக்காட்டு ஹபிபுல்லா பாய் வந்தார். ஆறு லாரி வைத்திருப்பவர். "நானே கூட உக்காந்து வரேன். ஒரே மூட்டையில போயிட்டு வந்துட்டா, ஆறு லாரிக்கும் நீங்கதான் கரி அடுப்பு வைக்கணும்" என்றார். வெள்ளிக்கிழமை என்று முடிவாயிற்று. பாய் தன் கண்ணெதிரே ஒரு மூட்டையைப் பீப்பாயில் கொட்டச் செய்து, மூடியைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொள்ளப்போகிறார். வழியில் ஒளித்துக் கரி சேர்க்கவும் முடியாது, பாட்டில் கணக்கெல்லாம் அன்றைக்குப் போதாது.

எனவே அன்று காலை டாக்டரம்மாவின் வண்டியிலிருந்து ஒன்றரை கேலன் எடுத்தேன். அரை கேலனை விட்டுவைத்தேன். சின்னதுரை பெட்ரோலைக் குச்சி விட்டு அளப்பவன். மூங்கில் குச்சி, கேலனுக்கு ஒரு கோடு. பழைய குச்சியை ஒடித்துப் போட்டுவிட்டு, கோடுகளைக் கீழே இறக்கிக் கீறிய புதுக் குச்சி ஒன்றைக் கொடுத்தேன். அவன் விட்டுப் பார்த்தான். இரண்டு கோடு நனைந்திருந்தது. "குச்சி சீவுனாக்கூட உங்க கையில அழகா வருதுண்ணே" என்றான். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. சனிக்கிழமை கூப்பன் பெட்ரோல் வந்துவிடும், குச்சியையும் மாற்றிவிடலாம் என்றிருந்தேன்.

பத்து மணிக்கு டாக்டரம்மாவுக்கு ஆள் வந்தது. அரியலூருக்கு மூன்று மைல் இப்பால் ஒரு கிராமத்தில் மலர்கொடி என்ற பெண்ணுக்குத் தலைப்பிரசவம், பிள்ளை குறுக்கே கிடக்கிறது. அவர்கள் புறப்பட்டது எனக்குத் தெரியாது. ஒரு மணி நேரம் கழித்து நானும் பாயும் அதே சாலையில் கிளம்பினோம்.

பதினோராவது மைலில் அந்தக் கார் நின்றுகொண்டிருந்தது. சின்னதுரை குச்சியை விட்டு விட்டு எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். டாக்டரம்மா பையோடு சாலையில் நின்று கை காட்டினார்.

"நிறுத்துங்க தம்பி, டாக்டரம்மா கூப்பிடுறாங்க" என்றார் பாய்.

"நிறுத்துனா கனல் இறங்கிடும் பாய். பின்னால பஸ் வருது, அதுல ஏறிக்குவாங்க" என்றேன்.

பஸ் மூன்று நாளாகவே ஓடவில்லை. மரியாதைக்கு ஹார்னை இரண்டு முறை அடித்துவிட்டுப் போனேன்.

அரியலூரில் மாலை போட்டார்கள். பெரம்பலூர் திரும்பியதும் பாய் என்னைக் கட்டிக்கொண்டார். ஆறு லாரியும் எனக்கே என்றார். அதற்குள் டாக்டரம்மா ஐந்து மைல் வெயிலில் நடந்து அந்தக் கிராமத்துக்குப் போய்ச் சேர்ந்திருந்தார். அவர் சேர்ந்தபோது தாயும் பிள்ளையும் இறந்து அரைமணி ஆகியிருந்ததாம்.

பெட்ரோலைக் கள்ளத்தனமாக விற்றான் என்று சின்னதுரையைப் பிடித்து அடைத்தீர்கள். அவனுக்காக நான் வரவில்லை. அவன் மனைவி கொளஞ்சியம்மாள் என் வீட்டில் வந்து அழுதபோதுகூட மோர் கொடுத்து அனுப்பிவைத்தேன். ஆனால் நேற்று காபிக் கடையில் ஒரு பேச்சு. "அந்த வண்டி பெட்ரோல குடிச்சிடுதுங்க, கேலனுக்கு அஞ்சு மைல்தான் தருது" என்று சின்னதுரை உங்களிடம் சொன்னானாம். கடையே தலையாட்டியது. என் கையால் கட்டிய வண்டிக்கு ஐந்து மைலா? காபியைக்கூடக் குடிக்காமல் இங்கே வந்தேன்.

பெட்ரோலை எடுத்ததும், பொய்க் குச்சி கொடுத்ததும், பார்த்துக்கொண்டே நிறுத்தாமல் போனதும் நான்தான். என்ன தண்டனை வேண்டுமானாலும் போடுங்கள், வண்டிமேல் மட்டும் பழி சொல்லாதீர்கள். அரை கேலனில் பதினோரு மைல் போயிருக்கிறது. நான் கை வைக்காமல் இருந்திருந்தால், டாக்டரம்மாவை மலர்கொடி வீட்டு வாசலில் நேரத்தோடு இறக்கிவிட்டு, பெரம்பலூருக்குத் திரும்பியும் வந்திருக்கும். அவ்வளவு நல்ல வண்டி.