பானெட்டுல கை வைக்காதவ

இல்லம்மா, விலை கெடக்கட்டும். விலைய அப்புறம் பேசுவோம். நீ மொதல்ல அந்தக் கதவச் சாத்து, குளிரு ஷெட்டுக்குள்ள வருது. காப்பி ஆறுது பாரு, குடி. விஷமெல்லாம் வைக்கல. எம் பொண்டாட்டி மார்லிஸ் போட்டது, அது எப்பவுமே அப்பிடித்தான் இருக்கும்.

நான் கேட்டது ஒரே கேள்வி. இந்தப் பழைய பனிவண்டி, ஸ்னோமொபைலு, ஒனக்கு எதுக்கு?

பார்ட்சுக்கா. சரி. எந்தப் பார்ட்டு? கார்புரேட்டரா, பெல்ட்டா, அடியில ஓடுற ரப்பர் பட்டையா? பாரு, முழிக்கிற. என்னது, எல்லாமேவா? ஏம்மா, எல்லாப் பார்ட்டும் வேணும்னா அதுக்குப் பேரு வண்டிம்மா.

கோவிச்சுக்காத. நான் பேசுறதே இப்பிடித்தான், சத்தமா இருக்கும். பழைய இரும்பு எடுத்து வித்துப் பொழச்சவன் நான். பள்ளிக்கூடம் சொல்லிக் கொடுக்காதத எல்லாம் செருப்படி சொல்லிக் கொடுத்திருக்கு. இந்த டெல்பர்ட்ட ஏமாத்துனேன்னு மிச்சிகன் வடகோடியில ஒருத்தன் மீசைய முறுக்க முடியாது. அதனால கேக்குறேன். மில்வாக்கியிலேருந்து பனி கொட்டுற ரோட்டுல, வாடகை டிரெய்லர இழுத்துக்கிட்டு, ஒத்தப் பொம்பளையா வந்திருக்க. எதுக்கு? காயலான் கடைக்குப் போகவேண்டிய வண்டிக்கு. சோழியன் குடுமி சும்மா ஆடாதும்மா.

பேரு என்ன சொன்ன? கார்லா. ஆமா, கார்லா. குடும்பப் பேரு கேட்டா இருமல் வந்துருது ஒனக்கு.

இன்னொண்ணும் சொல்றேன். இந்தப் பக்கம் பழைய பனிவண்டி பாக்க வர்றவன் மொத வேலையா என்ன பண்ணுவான் தெரியுமா? கையுறையக் கழட்டிட்டு பானெட்டுல உள்ளங்கைய வைப்பான். வணக்கம் சொல்றதே அதுக்கப்புறம்தான். சூடா இருந்துச்சுன்னா வந்த வழியே போயிருவான். ஏன்னா, குளிருல கிளம்பாத வண்டிய முன்னாடியே ஸ்டார்ட்டர் கயித்த இழுத்து இழுத்து உசுப்பி, சூடு பண்ணி வச்சு, ஆள் வந்ததும் ஒரே இழுப்புல கிளம்புது பாருன்னு தலையில கட்டுற கூட்டம் இங்க நெறைய. நானே கட்டியிருக்கேன். நீ பானெட்டத் தொடவே இல்ல. கையுறைய மட்டும் கழட்டுன. சரி, அத அப்புறம் சொல்றேன்.

நான் வாங்குன கதையக் கேளு. இலை உதிர்ற சமயம். ஏரிக்கு அந்தாண்ட, எய்னோ ஹாகலா வீட்டுச் சாமான விக்கிறாங்கன்னு கேள்விப்பட்டுப் போனேன். கெழவன் செத்துட்டான். நல்ல மனுஷன்னுதான் ஊர்ல பேச்சு, எனக்குப் பழக்கமில்ல. எங்கிட்ட எதையும் வித்ததுமில்ல, வாங்குனதுமில்ல. வித்துக்கிட்டு இருந்தவன் ஒரு எளவட்டம். நல்ல சட்ட, கையில போனு, காலுல சேறு படக் கூடாதுன்னு எட்டி எட்டி வச்சு நடக்குறான். நான் பாதிக்கும் கீழ ஒரு விலை சொன்னேன். அதான முறை? நான் அடிமட்டத்துல நிப்பேன், நீ ஆகாசத்துல நிப்ப, ரெண்டு பேரும் திட்டிக்கிட்டே நடுவுல வந்து சேருவோம். அவன் என்ன பண்ணான்? சரின்னுட்டான். மொத விலைக்கே தலையாட்டிட்டான்!

அங்கதான் எனக்குச் சந்தேகம் வந்துச்சு. திருட்டு வண்டியா? ஏரிக்குள்ள முழுகி எடுத்ததா? தானமாக் கொடுத்த மாட்டப் பல்லப் புடிச்சுப் பாக்காதம்பாங்க. நான் பல்ல மட்டுமா பாப்பேன், தொண்ட வரைக்கும் கைய விடுவேன். கொண்டாந்து இங்க போட்டு, நட்டு நட்டாக் கழட்டிட்டேன்.

எனக்குப் பனிவண்டி இதான் மொத தடவம்மா. சிரிக்காத. ஆயிரம் வண்டிய இரும்பு வெலைக்கு நிறுத்து வித்திருக்கேன், சொந்தமா ஒண்ணு வச்சதில்ல. இப்ப காட்டுக்குள்ள ஒரு சின்ன கேம்ப், மரக் குடிசை, வாங்கியிருக்கேன். பனி விழுந்துட்டா அங்க ரோடு கெடையாது, இதுல போனாத்தான் உண்டு. அதனாலதான் தரமாட்டேங்கிறேன். ஒம் மூஞ்சி புடிக்காம இல்ல.

கழட்டிப் பாத்தா, காத்து போற டப்பாக்குள்ள எலி குடும்பம் நடத்திருக்கு. கார்புரேட்டர்ல பழைய பெட்ரோல் ஜெல்லி மாதிரி ஒறஞ்சு கெடக்கு. எல்லாத்தையும் கழுவி, ஓட்டையெல்லாம் ஊதி, புது பிளக்கு போட்டேன். பெட்ரோல்ல ஆயிலக் கலக்கணும் இதுக்கு. கூடப் போட்டா நல்லதுதானன்னு ஊத்துனேன். ஷெட்டு பூரா பொக. மார்லிஸ் தீயணைப்புக்குப் போன் பண்ணப் போயிட்டா.

அதுக்கப்புறம் பண்ணேன் பாரு ஒரு முட்டாள்தனம். எஞ்சின் கிளம்புன சந்தோஷத்துல, பனி விழுற வரைக்கும் பொறுக்க முடியாம, வாசல்ல ஜல்லி மேலயே ஒரு ரவுண்டு விட்டேன். பட்டைக்கு உள்ள, அது வழுக்கி ஓடுறதுக்குப் பிளாஸ்டிக் பட்டி ரெண்டு இருக்கே, பனிதான் அதுக்குக் குளுமை. பனியில்லாம ஓட்டுனா என்னாகும்? உருகி வழிஞ்சுருச்சு. பக்கத்து வீட்டு லெராய் வேலி மேல சாஞ்சுக்கிட்டு, என்ன டெல்பர்ட்டு, ரொட்டி சுடுறியான்னான். ஒரு ஸ்பானர் எடுத்து வீசுனேன். அது இன்னும் அவன் தோட்டத்துலதான் கெடக்கு.

பனி விழுந்ததும் இன்னொரு கூத்து. ஈரச் சேத்துல நிறுத்தி வச்சிருந்தேன். ராவுல பட்டை தரையோட ஒட்டி ஒறஞ்சு போச்சு. தெரியாம ஆக்சிலேட்டர அமுக்குனேன், பெல்ட்டு கருகிருச்சு. பலகை மேல ஏத்தி நிறுத்தணும், கிளப்பறதுக்கு முன்னாடி பின்பக்கத்தத் தூக்கி ரெண்டு ஆட்டு ஆட்டணும். இங்க பொறந்த கொழந்தைக்கும் தெரியும். எனக்கு ஒரு பெல்ட்டு விலை கொடுத்துத்தான் தெரிஞ்சுது.

ஆனா பாரு, இதெல்லாம் நான் பண்ண கேடு. வித்தவன் மறைச்ச கேடு ஒண்ணு இருக்கணுமில்ல? தேடுறேன், தேடுறேன், கெடைக்கல. பிஸ்டன் நல்லாருக்கு. பேரிங்குல கிரீஸ் அடைச்சிருக்கு. கெழவன் கொழந்தைய வளக்குற மாதிரி வச்சிருந்திருக்கான். எனக்கானா தூக்கம் வரல.

அப்பதான் கண்ணுல பட்டுச்சு. ஹேண்டில்பாருக்குக் கீழ, குறுக்குக் கம்பியில, எடப்பக்கம் ஒண்ணு வலப்பக்கம் ஒண்ணு, ஹாக்கி மட்டைக்குச் சுத்துற கருப்புத் துணி டேப்பத் தடிமனாச் சுத்தி வச்சிருந்துச்சு. ஆஹா, மாட்டுனடா மவனேன்னேன். கம்பி விரிசல் விட்டிருக்கு, ஒட்டுப்போட்டு மறைச்சிருக்கான். வேற எதுக்கு ஒருத்தன் அங்க டேப்பு சுத்தப் போறான்? கத்திய எடுத்து எடப்பக்கத்தக் கிழிச்சேன். அடுக்கு மேல அடுக்கு, வருஷா வருஷம் மேல மேல சுத்துன மாதிரி வந்துக்கிட்டே இருக்கு. கடைசியில பாத்தா... ஒண்ணுமில்ல. பளபளன்னு நல்ல இரும்பு. ஒரு கீறல் இல்ல.

ச்சீன்னு ஆயிருச்சு. வலப்பக்கத்தக் கிழிக்கப் போனேன். வெளிச்சத்துல புடிச்சுப் பாத்தப்ப, அந்த டேப்புல வெரலு பதிஞ்ச மாதிரி நாலு பள்ளம். சின்னச் சின்னதா. என் சுண்டுவிரல் கூட அதுல பொருந்தல. கத்தியக் கீழ வச்சுட்டேன். கிழிச்ச பக்கத்துக்குக் கடையில போயி அதே டேப்பு வாங்கி, புதுசாச் சுத்தி வச்சேன். மார்லிஸ் கேட்டா, எதுக்கு அதுன்னு. பிடிமானத்துக்குன்னேன்.

இரு இரு, எங்க எந்திரிக்கிற? ஒக்காரு. இப்ப இன்னும் அதிகமாத் தர்றேங்கிற. நான் வாங்குனதப் போல எத்தன மடங்கு தெரியுமா அது? கம்ப்ரஷன் எவ்ளோன்னு கேக்கல, பட்டை கிழிஞ்சிருக்கான்னு குனிஞ்சு பாக்கல. நான் என்ன சொன்னாலும் சரிங்கிற. ஒங்க வீட்ல யாருக்குமே பேரம் பேச வராதா? அந்த நல்ல சட்டக்காரன் ஒங்க அண்ணன்தான? இல்லங்காத. ரெண்டு பேருக்கும் ஒரே மூக்கு. ஒங்கிட்டக் கேக்காம வித்துட்டான், அதான? பார்ட்சாம், பார்ட்சு! நேராச் சொன்னா எங்க விலைய ஏத்திருவேனோன்னு பயந்துட்ட. ஏத்தியிருப்பேன்தான். அத வேற என்னத்தச் சொல்ல.

நீ உள்ள வந்ததுமே எனக்குத் தெரியும்மா. கையுறையக் கழட்டுனியே, ஒங்கையி பானெட்டுக்கா போச்சு? நேரா ஹேண்டில்பாருக்குக் கீழ போச்சு. கண்ணு என்னப் பாக்குது, வாயி பார்ட்சுங்குது, கையி மட்டும் தானாக் கீழ போகுது. வலது கை போயி அங்கேயே நின்னுச்சு. எடது கை போச்சு, தொட்டுச்சு, சுட்ட மாதிரித் திரும்பி வந்துருச்சு. அது நான் சுத்துன பக்கம். சின்னப் புள்ளையில கெழவனுக்கு முன்னாடி ஒக்காந்து நீ புடிச்சுக்கிட்டுப் போன எடம்தான அது?

அழாதம்மா. காப்பியக் குடி. இந்தா, இந்தத் துணி சுத்தந்தான், கிரீஸ் அந்தப் பக்கம்தான் இருக்கு.

இப்பக் கேளு. ஏரி நல்லாக் கெட்டியா ஒறஞ்சிருக்கு. ஐஸ் மேல நிக்குதே அந்த மீன்புடிக் கொட்டாய், அது வரைக்கும் ஒரு சுத்துப் போயிட்டு வா. கயித்த நீயே இழு, நான் சூடு பண்ணி வைக்கல. வேணும்னா இப்பவாவது பானெட்டத் தொட்டுப் பாரு. பின்பக்கத்தத் தூக்கி ஆட்ட மறந்துராத. ஆங், நீ டிரெய்லர இழுத்துட்டு வந்த வண்டிச் சாவிய இந்த ஆணியில மாட்டிட்டுப் போ. நம்பிக்கை இல்லாம இல்ல... இல்லதான், மாட்டு. திரும்பி வந்து ஒழுங்கா, திட்டி, சண்ட போட்டு, எங்கிட்ட பேரம் பேசு. மொத விலைக்குத் தலையாட்டுனியோ, வண்டி கெடையாது.