ஒரு ஜாண் இரும்பு

ஹலோ... ஆமா, நான்தான். உன் கடைக்குள்ளேருந்துதான் பேசுறேன்... உன் பெயிண்டர் கதவைத் தொறந்து விட்டார். பாவம், டீ குடிக்க வந்திருக்கேன்னு நெனைச்சுட்டார்.

... இல்ல. மாப்பிள்ளைன்னு இனிமே வாய் நெறையக் கூப்பிட மாட்டேன். தங்கச்சி புருஷனாச்சேன்னு ஆறு வருஷம் மரியாதை குடுத்தாச்சு. போதும். கையில என்ன வெச்சிருக்கேன்னு கேளு... சம்மட்டி. கூட்டாத் தொழில் பண்ணினப்போ ரெண்டு பேரும் சேர்ந்து வாங்கினோமே, அதேதான்.

இரு, கேளு... கேட்டுச்சா? டேங்க். வரிசையில முதல்ல நிக்கிற வண்டி... ஆமா, வெள்ளைக் கோடு போட்டது. இன்னொரு அடி... இது அதே வண்டி ஹெட்லைட். உடைஞ்சா சில்லு சிதறாதுன்னு குறுக்க ரெண்டு டேப் ஒட்டியிருந்தியே. சிதறிடுச்சு.

... கத்தாத. பெயிண்டர் மேல ஒரு தூசி படாது. பெயிண்டரே, நீங்க அப்படி ஓரமா உக்காருங்க, உங்களுக்கும் எனக்கும் ஒண்ணும் இல்ல.

... எதுக்கா? எதுக்குன்னா கேக்குறே? காலையில என் பட்டறை வாசல்ல ஒரு அம்மா வந்து நின்னாங்க. உன்கிட்ட வண்டி வாங்கினாரே டிராயிங் வாத்தியார், அவர் சம்சாரம்... விழுந்துட்டார்டா. நேத்து சாயங்காலம், பாலத்துக்கு முன்னாடி இருக்கிற வளைவுல. வலது கால் மூணு துண்டு... இரு, நான் முடிக்கல. அந்த வண்டியை லோடு வேன்ல கொண்டாந்து என் வாசல்ல எறக்குறாங்க. ‘இது நீங்க செஞ்சதுதானே’ன்னு அந்தம்மா கேக்குறாங்க. கேக்காம என்ன பண்ணுவாங்க? பார்த்தா என் வண்டி மாதிரியேதானே இருக்கு.

கையெடுத்துக் கும்பிட்டேன். ‘எனக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லம்மா’ன்னு சொல்லி அனுப்பினேன்... ஆமா, அப்படித்தான் சொன்னேன். அப்புறம் சம்மட்டியைத் தூக்கிக்கிட்டு நேரா இங்க.

... பொறாமையா? எனக்கா? உன்மேலயா?... கேட்டுக்க, இது அந்தப் பச்சை வண்டி... சீட்டுல அடிச்சேன், அதான் சத்தம் கம்மி. பதினோரு வண்டி செஞ்சே, பதினொண்ணுக்கும் அதே பழுப்பு சீட்டு, அதே கட்டம் போட்ட தையல். சைலன்சருக்குத் துணி சுத்தி வெச்சிருக்கே, கால் ஒடிஞ்சவனுக்குக் கட்டுப் போட்ட மாதிரி. இப்ப நெஜமாவே ஒருத்தர் அந்தக் கட்டோட படுத்திருக்கார். டயர் டிராக்டர் டயர். எவனோ நெட்ல படம் போட்டான், பத்துப் பேர் அதையே செஞ்சாங்க, நீ பதினொண்ணாவது ஆள். ஈயடிச்சான் காப்பி... ஜனங்க கேக்குறாங்களா? கேப்பாங்க. கேக்கறதை எல்லாம் குடுக்கறதுக்கு நீ எதுக்கு?

கஃபே ரேசர்னு பேர் வெச்சு விக்கிறியே, அதுன்னா என்ன? குனிஞ்சு வேகமாப் போறதுக்காக வேண்டாததைக் கழட்டிப் போட்ட வண்டி. நீ வேணுங்கறதையும் கழட்டிட்டே. முன்சக்கரத்து மட்கார்டு எங்கடா?... அழகுக்கா. என் வண்டியில இல்லையா. ஆமா, என் வண்டியிலயும் இல்லதான்... குறுக்க பேசாத. இந்தப் பழைய மாடல்ல அது சேறு தடுக்க மட்டும் இல்ல. சக்கரத்துக்கு ரெண்டு பக்கமும் எறங்குதே ஃபோர்க்கு, அந்த ரெண்டையும் சேர்த்துப் பிடிச்சிருக்கிறதே அந்த மட்கார்டு இரும்புதான். அதைக் கழட்டினா ரெண்டும் தனித்தனி. வேகமா வளைஞ்சா ஹேண்டில் ஒரு பக்கம் போகும், சக்கரம் ஒரு பக்கம் போகும். வாத்தியார் வண்டியை வந்து பாரு, பிழிஞ்சு போட்ட துணி மாதிரி முறுக்கிக்கிட்டு நிக்குது.

... என் வண்டி எப்படி ஓடுதா? அதுல இருக்கு... இருக்குடா. ஒரு ஜாண் இரும்பு. வளைச்சு, ஃபோர்க்குக்குப் பின்னாடி டயரோட ஒட்டினாப்ல வெச்சு, கறுப்பு மேல கறுப்பு அடிச்சிருக்கேன். குனிஞ்சு கையை விட்டுத் தடவினாத்தான் தெரியும். கூட்டா இருந்தப்போ, உன்னைச் சாமான் வாங்க அனுப்பிட்டு நான் தனியா செஞ்சது. படத்துல அது விழாது. நீ படத்தைப் பார்த்துத்தானே செஞ்சே. புலியைப் பார்த்துப் பூனை சூடு போட்டுக்கிச்சாம்.

இதோ, இது மூணாவது... சரி, அடிக்கல. சொல்லு... வண்டிக் கண்காட்சிக்கா? எது, மலை மேல நடக்குதே, அதுக்கா?... ம்... ம்... வேன்ல ஒரு வண்டி. சரி. இன்னொண்ணு?... ஓட்டிக்கிட்டா? யாரு?... யாருன்னு கேக்குறேன்ல.

... பாப்பாவா? என் தங்கச்சியா?

... எந்த வண்டி?... மட்கார்டு?... டேய்.

டேய், உன்னைக் கொன்னுடுவேன்டா. இங்கேயே உன் கடையோட வெச்சு எரிப்பேன். எவ்வளவு தூரம் முன்னாடி போறா?... பத்து நிமிஷமா? நீ எங்க நிக்கிறே?... பெட்ரோல் பங்க்ல என்னடா வேலை? போன் போடு அவளுக்கு... எடுக்க மாட்டாளா? ஆமா, ஓட்டறப்போ எடுக்க மாட்டா. நான்தான் சொல்லிக் குடுத்தேன். ஓட்டக் கத்துக் குடுத்தவனும் நான்தான். அவ மெதுவாப் போற ஆளா? மலை எங்க ஆரம்பிக்குது?... ரயில்வே கேட்டைத் தாண்டினா முதல் வளைவு. சரி. கெளம்பு.

... என்ன? கதையா? உன் பேரைக் கெடுக்கறதுக்கு என் கூடப்பிறந்தவளை வெச்சுக் கதை கட்டுறேனா?... இந்தா வாங்கிக்க. இந்தா... இதுவும். மூணு முடிஞ்சுது. நாலு... பெயிண்டரே, பிடிக்காதீங்க, கையை எடுங்க, பட்டுடப் போகுது.

கேளு. நம்பாட்டிப் போ. வேன்ல இருக்கே ஒரு வண்டி, அதைக் கீழ எறக்கு... இப்பவே. பங்க்ல ஆள் இருப்பான்ல, கூப்பிடு. பத்து எண்ணுவேன். எறக்கலைன்னா அஞ்சாவது. ஒண்ணு... ரெண்டு... எறக்கிட்டியா? ஸ்பீக்கர்ல போடு. வண்டிக்கு முன்னாடி வந்து நில்லு. சக்கரத்தை ரெண்டு முட்டிக்கும் நடுவுல இடுக்கிக்க... இறுக்கமா. இப்ப ஹேண்டிலைப் பிடிச்சுத் திருப்பு. சக்கரம் அசையக் கூடாது... திருப்புடா, குழந்தையைத் தொடற மாதிரி தொடாத. இன்னும் வேகமா...

திரும்புதா?... எவ்வளவு?... ரெண்டு விரலா?

... ம். நிக்கிறப்பவே ரெண்டு விரல். வளைவுல?

... அழாத. அழுதா ஓட்ட முடியாது. வண்டியை அங்கேயே போட்டுட்டு வேனை எடு. போனை வெக்காத, அப்படியே சட்டைப் பையில போட்டுக்க. போ... போ, போ.

...

பெயிண்டரே, கொஞ்சம் தண்ணி குடுங்க... வேண்டாம், இதை நான் பிடிச்சுக்கறேன். சம்மட்டியை வெக்கச் சொல்லாதீங்க. கை சும்மா இருந்தா எனக்கு என்னவோ ஆயிடும்.

... ஹலோ. எங்க இருக்கே?... ஹாரன் அடி. கேக்குதோ இல்லையோ அடிச்சுக்கிட்டே போ... லாரியா? ஏறிப் போ... எதிர்ல வந்தா அவன் ஒதுங்குவான், போ... ம்... ம்... என்ன தெரியுது?... ரயில்வே கேட்டா? மூடியிருக்கா?... மூடியிருக்கா! அப்பாடா. அவ நிக்கிறாளா? பாரு... சிவப்பு ஹெல்மெட். வரிசையில முன்னாடி நிப்பா, எப்பவும் பூந்து முன்னாடி போயிடுவா... தெரியுதா?

... ரயில் போயிடுச்சா? கேட் தூக்குறானா? வேனை விட்டு எறங்கு. ஓடு... திட்டினா திட்டட்டும், சாவியைப் போட்டுட்டு ஓடு. பேர் சொல்லிக் கூப்பிடு... இன்னும் சத்தமா. ஓடுடா.

...

... பிடிச்சிட்டியா?

... சாவியை எடு. வண்டிச் சாவியை எடுத்து உன் பையில போடு... போட்டியா?... ம். சரி. மூச்சு விடு. நானும் உக்காந்துக்கறேன்.

... யாரு? குடு... பாப்பா. ஒண்ணும் இல்லம்மா. ஒண்ணும் ஆகல. அந்த வண்டியில ஏறாத, அவ்வளவுதான். வேன்லயே திரும்பி வந்துடு... அவன் சொன்னானா? ஆமா, ஃபோர்க்கு. ஆமா, மட்கார்டைக் கழட்டினது அவன்தான். பாதையில ஒரு குலுக்கல் இருந்திருக்குமே, உனக்குத் தெரியலையா?... தெரிஞ்சுதா. ரோடு சரியில்லைன்னு நெனைச்சியா.

... ஆமா, நாலு வண்டி உடைச்சிட்டேன். இன்னும் மிச்சம் இருக்கு... ஏன்னா கோபம். வாத்தியார் கால் போச்சு, நீ போயிருப்பே, கோபம் வராதா?

... என்ன கேட்டே? எனக்கு எப்படித் தெரியும்னா?... அது... படத்துலதான் பார்த்தேன். அவன் போட்ட படத்துல... எப்பன்னா... பாப்பா, அதெல்லாம் இப்ப எதுக்கு... இல்ல, மழுப்பல... சரி. மூணு மாசம் இருக்கும். முதல் வண்டி படம் போட்டானே, அன்னைக்கே.

... தெரிஞ்சுது. பார்த்த உடனே தெரிஞ்சுது. மட்கார்டு இல்ல. இரும்பு வெக்கணும்னு அவனுக்குத் தெரியாதுன்னு எனக்குத்தான் தெரியுமே.

... சொல்லல.

... சிரிச்சேன். பட்டறையில எல்லார்கிட்டயும் காட்டிச் சிரிச்சேன். வண்டி ஆடும், ஏன் ஆடுதுன்னு புரியாது, ஒரு நாள் என் வாசல்ல வந்து நின்னு ‘மச்சான், என்ன காரணம்’னு கேப்பான்னு காத்திருந்தேன். கேட்டா சொல்லலாம்னு இருந்தேன்... ஆமா. கேட்டாத்தான்.

... யாராவது விழுவாங்கன்னு... நெனைச்சேன். அவன் விழுவான்னு நெனைச்சேன். லேசா. முட்டி தேயற அளவுக்கு... ஆமா பாப்பா. உன் புருஷன்தான். நெனைச்சேன்.

... அரை நாள் வேலை. இரும்பை வளைச்சு, ரெண்டு ஓட்டை போட்டா முடிஞ்சுது. பதினொண்ணுக்கும் நானே போட்டுக் குடுத்திருக்கலாம். போட்டா எல்லார் வண்டியும் என் வண்டி மாதிரி ஆயிடும்ல. அதான்... அதான் காரணம். வேற ஒண்ணும் இல்ல.

... அழறியா?... அழலையா. சரி.

... மிச்ச வண்டி யார் யார்கிட்டேன்னு பெயிண்டர்கிட்ட கேட்டு எழுதிக்கறேன். எல்லாருக்கும் இன்னைக்கே போன் போடறேன். வண்டியை எடுக்காதீங்கன்னு சொல்றேன். சரி... சரி... அப்புறம்?

... வாத்தியார் சம்சாரத்துகிட்டயா? நானா? அவங்ககிட்டதான் காலையில சம்பந்தமே இல்லைன்னு கும்பிட்டு... ம். அதனாலதானா. சரி... ஆஸ்பத்திரிக்கே போறேன். என்னன்னு சொல்லணும்?... அப்படியேவா? ‘தெரியும், சொல்லல’ன்னா?

... சொல்றேன்.

... சம்மட்டியைக் கீழ வெச்சுட்டேன். இப்பத்தான் வெச்சேன்... பாப்பா, நீ இப்படிப் பேசாம இருக்காத. திட்டு. சின்ன வயசுல கையைக் கடிச்சு வெப்பியே, அந்த மாதிரி ஏதாவது சொல்லு. அண்ணன்னு கூப்பிட வேண்டாம், ஏதாவது சொல்லிட்டு வெய்யி... அவன்கிட்டயாவது குடு...

ஹலோ... ஹலோ.

பெயிண்டரே, இதைக் கொஞ்சம் பாருங்க. லைன் கட்டாயிடுச்சா, அவ வெச்சுட்டாளா?