குவாரிச் சரிவுக்கு ஒரு ஹெட் வேலை

பாலக்கரையில் எவ்வளவு நெரிசல் இருந்தாலும் என் பட்டறை வாசலில் நாலு வண்டி நிற்க இடம் இருக்கும், இன்ஸ்பெக்டர் மேடம். நீங்களும் அங்கேதானே ஜீப்பை நிறுத்தினீர்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் கரடு, ஆற்றுமணல் என்று பைக் ஓட்டப் போகிற பிள்ளைகள் எல்லோரும் என்னிடம்தான் வருவார்கள். வந்ததும் ஒரே கேள்வி: "ஜெயக்குமாரண்ணே, ஹெட்டப் பிரிச்சு வேல பாத்தா வண்டி நல்லா ஏறுமா?" வீடியோவில் பார்த்தேன் என்பார்கள். வீடியோ பார்த்து நீச்சல் கற்றவனைக் காவிரியில் இறக்கிவிட்டால் தெரியும்.

இன்ஜினின் மேல்பாகம்தான் ஹெட். காற்றும் பெட்ரோலும் உள்ளே போகிற துளை அதில் இருக்கிறது. அதைக் கடைந்து பெரிதாக்கினால் வண்டி பறக்கும், பைபாஸில். கரட்டில் நடை வேகத்தில் ஏறும்போது அதே வண்டி திணறும். திணறுகிறதே என்று ஆக்சிலேட்டரை முறுக்கினால் அத்தனை இழுவையும் ஒரேயடியாக வந்து ஆளைத் தூக்கி எறியும். "ஹெட்டத் தொடாதீங்க தம்பி. பின்சக்கரத்துப் பல்சக்கரத்த மாத்துங்க, டயர்ல காத்தக் கொறைங்க, போதும்" என்று எல்லோரையும் திருப்பி அனுப்பியிருக்கிறேன். தொழிலில் பொய் சொல்வது எனக்குப் பிடிக்காது.

ஹரிஹரசுதன் ஸ்ரீரங்கத்துப் பையன், வடக்கு உத்திர வீதி. நல்ல பிள்ளை, அதை நான் மறுக்கவில்லை. திருவெள்ளறையைத் தாண்டி ஒரு பழைய கல்குவாரி இருக்கிறது. அதன் பள்ளத்தை ஒட்டிய சரிவில் பைக் ஏறாது என்று நான் சொல்லி வைத்திருந்தேன். என் பேச்சுக்கு அங்கே மறுபேச்சு கிடையாது.

பொங்கல் முடிந்து ஒரு ஞாயிறு. என் மனைவி மலர்க்கொடியும் எல்லோருக்கும் இட்லி கட்டிக்கொண்டு வந்திருந்தாள். அன்று அவன் அந்தச் சரிவில் ஏறிவிட்டான். இறங்கி வந்து, "வண்டியெல்லாம் ஏறுதுண்ணே, உங்களுக்குத்தான் பயம்" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். மலர்க்கொடியும் சிரித்தாள். நானும் சிரித்தேன். விளையாட்டுக்குச் சொன்னதை மனதில் வைத்துக்கொள்கிற ஆள் இல்லை நான். இட்லி மட்டும் அன்றைக்கு இறங்கவில்லை. அதற்குப் பிறகு பிள்ளைகள் வண்டியில் சந்தேகம் என்றால்கூட முதலில் அவனைத்தான் கேட்டார்கள்.

மாசியில் அவனே பட்டறைக்கு வந்தான். இன்னும் வேகமாக ஏற வேண்டுமாம்.

"நெஜமா சொல்லுங்கண்ணே, ஹெட் வேல பிரயோஜனப்படுமா? நீங்க வேணாம்னா விட்டுடறேன்."

கம்ப்ரசர் ஓடிக்கொண்டிருந்தது. அதை அணைத்துவிட்டு யோசித்தேன்.

"மத்தவங்களுக்கு வேணாம். உங்க கைக்குப் பண்ணலாம்" என்றேன்.

அவ்வளவு நிதானமாக நான் எந்த வேலையும் செய்ததில்லை. துளையைக் கண்ணாடி மாதிரி கடைந்தேன். வால்வைக் கையாலேயே தேய்த்து உட்கார வைத்தேன். பைபாஸில் ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து என்னைக் கட்டிக்கொண்டான். மறுநாள் ஒரு தூக்கு நிறையப் புளியோதரை. "அம்மா குடுத்தனுப்பினா. பெருமாள் பிரசாதம்ணே." நன்றாக இருந்தது, முழுவதும் சாப்பிட்டேன். "ஞாயித்துக்கெழம குவாரிச் சரிவுல ஓட்டுங்க, எல்லாரும் பாக்கட்டும்" என்று நான்தான் சொன்னேன்.

சரிவின் அடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். பாதி ஏறியதும் இன்ஜின் சத்தம் கம்மியது. கூட ஓட்டுகிற பெண் கனிஷ்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஏண்ணே திணறுது?" என்றாள். கிளட்சைப் பிடி என்று நான் ஒரு குரல் கொடுத்திருந்தால் அவன் நிறுத்தியிருப்பான். என் சொல்லை அவன் எப்போதும் கேட்பான். "பாப்போம்" என்றேன்.

அவன் முறுக்கினான். முன்சக்கரம் மேலே எழும்பியது. பள்ளம் இடப்பக்கம் இருந்தது.

வண்டியைச் சோதித்த அதிகாரி, மெக்கானிக்கின் கவனக்குறைவு என்று சொன்னதாகச் சொன்னீர்கள். அதற்குச் சரி என்று கையெழுத்துப் போட்டால் சீக்கிரம் வெளியே வந்துவிடலாம் என்கிறார் வக்கீல். அதைக் கேட்டுத்தான் எனக்குத் தாங்கவில்லை. அந்த ஹெட்டைப் பிரித்துப் பாருங்கள், ஓர் இடத்தில்கூடப் பிசிறு இருக்காது. அவன் விழுவான் என்று தெரிந்து, விழ வேண்டும் என்றே செய்த வேலை அது. கொலை என்றே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். கவனக்குறைவு என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், மேடம். நாளைக்கு என் பட்டறையை நம்பி யார் வண்டியை விடுவார்கள்?