களாப்பழம் தின்ன மாப்பிள்ளை

அந்தக் காலத்துல, காத்துக்கு நவருத தேரி மணலு இப்ப கெடக்க எடத்துல கெடக்காத காலத்துல, களாவிளைன்னு ஒரு ஊரு. சுத்தியும் செம்மணலு. மணலுக்கு நடுவுல அங்கங்க களாச்செடி. மழை இல்லன்னாலும் காய்க்கும், ஆரும் தண்ணி ஊத்தண்டாம்.

அந்த ஊர்ல முத்துக்கிளின்னு ஒருத்தி இருந்தாளாம். அவளுக்குக் கல்யாணம். மாப்பிள ஆதிலிங்கம், கடக்கரை ஊரு. விடிஞ்சதுமே மாப்பிள வீட்டாரு நடையாப் பொறப்பட்டாச்சு. ஆனா அடிச்ச காத்து ஒத்தையடிப் பாதைய மூடிட்டுப் போயிட்டாம். பொழுது ஏறுது, ஆளக் காணல. ஊரு ஆம்பளையெல்லாம் வண்டிப்பாதை பக்கம் தேடப் போயிட்டாவ. அப்பப் பாத்து ஆடு மேய்க்க கெழவரு ஒருத்தரு வந்து, "மேக்க மணல்மேட்டுல ஒரு கூட்டம் சுத்திச் சுத்தி வருது"ன்னாராம்.

முத்துக்கிளி மஞ்ச பூசுன மொகத்தோட, தல நெறையப் பூவோட எந்திரிச்சா. அத்தக்காரி கையப் புடிச்சா.

"ஏளா, தாலி ஏறுமுன்ன மாப்பிள மொகத்துல முழிக்கலாமாளா?"

"அவுக வந்து சேந்தாத்தான அத்த தாலி ஏறும்?"

நடந்தாளாம், நடந்தாளாம், மணலு சுடச் சுட நடந்தாளாம்.

அங்க ஒரு களாப்புதரு ஓரமா அம்புட்டு பேரும் நாக்கு வறண்டு உக்காந்திருக்காவ. கைக்கு எட்டுத தூரத்துல பழம் கறுகறுன்னு தொங்குது. ஒருத்தரும் தொடல. காம்பக் கிள்ளுனா பால் வடியுதே, வெசம்னு பயந்துட்டாவளாம்! இவ ஒரு பழத்தப் பறிச்சு மொதல்ல தன் வாயில போட்டா. பெறவு மடி நெறையப் பறிச்சு, மாப்பிளயோட அப்பா சேர்மத்துரைகிட்ட நீட்டுனா. புளிப்பும் இனிப்பும் தொண்டையில எறங்க எறங்க அவருக்குக் கண்ணு தெளிஞ்சுதாம்.

"தாயி, நீ ஆரு மவ?"

"நான் ஒங்க மருமவதான் மாமா."

கூட்டத்துல இருந்த ஒரு பெருசு எந்திரிச்சு, "முகூர்த்தத்துக்கு முந்தியே பொண்ணு மாப்பிளயப் பாத்துட்டா. இது ஆவாது, திரும்புங்க"ன்னுச்சாம்.

சேர்மத்துரை இன்னொரு பழத்த வாயில போட்டாராம்.

"திரும்புதவன் திரும்புங்கடே. வழியும் தெரியாது, தண்ணியும் கெடையாது. நான் எம்மருமவ பின்னால போறேன்."

ஆரு திரும்புவா? எல்லாரும் அவ பின்னாலதான் போனாவளாம். மாப்பிள மட்டும் கடைசில. பறிச்சுப் பறிச்சுத் தின்னுக்கிட்டே வந்தாராம். மணவறையில உக்காந்து சிரிச்சா, பல்லெல்லாம் ஊதா! அதப் பாத்துப் பொண்ணும் தல குனிய மறந்து சிரிச்சுட்டாளாம்.

அதுல இருந்துதான், இன்னைக்கும் களாவிளைக்கு மாப்பிள வந்தா, பொண்ணுதான் ஊரெல்லைக்குப் போயி கூட்டியாரணும். மொதப் பழம் அவ திம்பா, ரெண்டாவது மாமனாருக்கு. மாப்பிள வாயில கற படாம பந்தியில எல விழாது. பழம் இல்லாத மாசத்துல கல்யாணம் வச்சா என்ன செய்யன்னு கேக்கியளா? களாக்கா ஊறுகா இருக்குல்லா, அதையாவது நக்கிட்டுத்தான் உள்ள வரணும்.