நவுன் அன்று விடுப்பு

மேடையை நிறைத்திருக்கும் தலைவர் அவர்களே! மாலையின் கனம் தாங்கும் தாளாளர் ஐயா அவர்களே! மின்விசிறிக்கு நேர் கீழே இடம்பிடித்த பெரியோர்களே! முத்தையாபுரத்திலிருந்து இரண்டு பஸ் மாறி, நின்றுகொண்டே வந்து, இங்கும் நின்றுகொண்டே இருக்கும் தாய்மார்களே! உங்கள் அனைவருக்கும் என் நடுங்கும் வணக்கம்.

"ஆங்கில இலக்கணத்தில் நம் பள்ளியின் சாதனை" பற்றிப் பேசச் சொன்னார்கள். சாதனையா? சாதாரணச் சாதனையா? ஆங்கிலத்தில் சொல்வகைகள் எட்டு. எங்கள் வகுப்பில் மாணவிகள் ஒன்பது. துறைமுகத்தில் கப்பலுக்குத் தளம் ஒதுக்குவதுபோல் தேவகனி டீச்சர் எங்களுக்குச் சொல்வகை ஒதுக்கினார்கள். முதல் இடத்து ஜாஸ்லின் நவுன். அடுத்த ஜெப்ஸி அட்வெர்ப். நான் ப்ரிபொசிஷன். இரண்டு வருடமாக அதுவேதான்! பலகையில் எட்டுச் சொல் வாக்கியம். முதல் சொல்லுக்கு முதல் பெண், இரண்டாம் சொல்லுக்கு இரண்டாம் பெண். சிந்திக்க வேண்டாம், சிரமப்பட வேண்டாம், சீட்டில் உட்கார்ந்தால் போதும்!

ஒன்பதாமவள் ரீனா? ஆலந்தலைப் பெண், விடுதியில் தங்கிப் படிப்பவள். அவள் சேரும்போது எட்டும் தீர்ந்துவிட்டது. எனவே கல்வி அதிகாரி ஆய்வுக்கு வரும் நாளெல்லாம் அவளுக்குச் செடிக்குத் தண்ணீர் ஊற்றும் பணி. நம் பள்ளிக் குரோட்டன்ஸ் ஏன் இவ்வளவு செழிப்பு என்று இப்போது தெரிகிறதா?

சிரிக்கிறீர்கள். போன வாரம் அதிகாரி சிரிக்கவில்லை!

அன்று நாசரேத் பக்கம் ஜாஸ்லினுடைய ஊர்க் கோயிலில் அசனப் பண்டிகை. ஊரே ஒன்றாய் உட்கார்ந்து ஆட்டுக்கறிச் சோறு உண்ணும் நாளில் அவள் இங்கே நவுனாக இருப்பாளா? வரவில்லை. காலி இடம் அதிகாரியின் கண்ணை உறுத்துமே என்று டீச்சர் எங்களை ஆளுக்கு ஓர் இடம் முன்னே நகர்த்தினார்கள். அதிகாரி பலகையின் முதல் சொல்லான 'ஷிப்ஸ்' மீது பிரம்பை வைத்தார். முதல் இடத்துக்கு வந்துவிட்ட ஜெப்ஸி எழுந்தாள்.

"அட்வெர்ப் சார்!"

"கப்பல் அட்வெர்ப்பாம்மா?"

"நான் அட்வெர்ப் சார். நவுன் லீவு. அசனச் சோறு திங்கப் போயிருக்கா."

அதிகாரி ஜன்னல் பக்கம் திரும்பினார். அங்கே வாளியோடு ரீனா.

"நீ எந்த வகுப்பு?"

"இந்த வகுப்புதான் சார்."

"நவுன்னா என்னன்னு நீயாவது சொல்லு."

"தெரியாது சார். எனக்கு ஒண்ணும் தரல. எட்டும் தீந்துபோச்சு."

அன்று அந்த வகுப்பில் பிழையில்லாத பதில் அது ஒன்றுதான். அதற்குப் பரிசு என்ன தெரியுமா? 'பள்ளியின் மானத்தை வாங்கியவள்' என்ற பட்டம்! நாளைக் காலை அவளுக்கு டி.சி. பள்ளியும் இல்லை, விடுதியும் இல்லை. அதை வாங்கிப் போக வந்த அவள் அம்மா பிளாரன்ஸ் அதோ கடைசி வரிசையில் ரீனாவோடு இருக்கிறார்கள்.

"ஏளா, ஒனக்கு எதுக்கு இந்த வேல? சும்மா எறங்கி வா!" என்று ரீனாவின் அம்மா அங்கிருந்தே கூப்பிடுகிறார்கள். வருகிறேன் சித்தி, இன்னும் கொஞ்சம்தான்.

தேவகனி டீச்சர் கண்ணைக் காட்டுகிறார்கள். பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் தெரியாதவள் வெளியேற வேண்டுமென்றால் ரீனா மட்டும் ஏன்? ஊற்றியது அவள், ஒளிந்தது நாங்கள்! உண்மை சொன்னது அவள். உட்கார்ந்து நடித்தது நாங்கள்!

தலைவர் அவர்களே, இப்போதே கேளுங்கள். எங்கள் எட்டுப் பேரிடமும், அவரவருக்கு ஒதுக்காத இன்னொரு சொல்வகையைக் கேளுங்கள். ஒருத்தி சரியாகச் சொன்னாலும் ரீனா போகட்டும். சொல்லாவிட்டால் ஒன்பது டி.சி. எழுதுங்கள்; இல்லை, நாளையிலிருந்து ஒன்பது பேருக்கும் முதல் பாடத்திலிருந்து சொல்லிக்கொடுங்கள்!

ஏளா ஜெப்ஸி, எந்திரி. ஜாஸ்லின், நீயுந்தான். எல்லாரும் எந்திரிங்க.

எழுந்துவிட்டார்கள், ஐயா.

பொறுமையோடு கேட்ட பெரியோர்களுக்கும் கைதட்டத் தயங்கும் தாய்மார்களுக்கும் நன்றி. எனக்கு ஒதுக்கிய இடம் முன்வரிசையில் காலியாக இருக்கிறது. நான் ரீனாவின் பக்கத்தில் போய் உட்காருகிறேன். வணக்கம்!